சேறு வட்டமாக வராது: வரைபடக்காரி பதில்கள்

போன மாதம் பட்டா அளவை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'வீட்டு மனையில் ஓர் அடி தப்பினால் பங்காளிச் சண்டை, எரிமலை வரைபடத்தில் ஒரு கோடு தப்பினால் ஊரே போய்விடும்' என்று போகிற போக்கில் எழுதிவைத்தேன். எல்லோரும் பட்டாவை விட்டுவிட்டு எரிமலையைப் பிடித்துக்கொண்டீர்கள். இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம் என்றார் ஆசிரியர். சரி.

கேள்வி: எரிமலை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'உள்ளே குடியிருக்காதே' என்றால் முடிந்தது. இதற்கு எதற்கு மேடம் கம்ப்யூட்டர், செயற்கைக்கோள் எல்லாம்?
— வாசகர், தஞ்சாவூர்

வட்டம் போடுவது சுலபம்தான். ஆனால் மலையிலிருந்து இறங்குகிற எதுவும் வட்டமாக இறங்குவதில்லை, பள்ளம் பார்த்துத்தான் இறங்கும்.

கொலம்பியாவில் நெவாதோ தெல் ரூயிஸ் என்று ஓர் எரிமலை. 5,300 மீட்டருக்கு மேல் உயரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் உச்சியில் பனிக்கட்டி உண்டு. 1985 நவம்பர் 13 அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் அது வெடித்தது. எரிமலைக் கணக்கில் பெரிய வெடிப்பே அல்ல. ஆனால் வெளியே வந்த சூடான சாம்பலும் கல்லும் உச்சிப் பனியில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கரைத்துவிட்டன. அந்தத் தண்ணீர் சாம்பல், மண், பாறை, மரம் என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கியது. கலவை போட்ட கான்கிரீட் ஓடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதில் வீடளவு பாறைகள் மிதந்து வருகின்றன. இதற்கு 'லஹார்' என்று பெயர். ஜாவா மக்களின் சொல் அது, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

லகுனியா ஆறு மலை இடுக்கை விட்டுச் சமவெளிக்கு வருகிற வாயில் இருந்தது அர்மெரோ என்ற ஊர். எரிமலை வாயிலிருந்து ஆற்று வழியாக 74 கிலோமீட்டர். சேறு அங்கே வந்து சேர இரண்டரை மணி நேரம் பிடித்தது. அன்று இரவு இறந்தவர்கள் மொத்தம் சுமார் 23,000 பேர். பெரும்பாலோர் அர்மெரோக்காரர்கள்.

உங்கள் வட்டத்துக்கு வருவோம். மணிசாலெஸ் என்ற பெரிய நகரம் அதே எரிமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அது மேட்டில் இருக்கிறது, சேறு ஏறவில்லை. 30 கிலோமீட்டரில் இருந்தவன் தப்பித்தான், ஆற்று வழியில் 74 கிலோமீட்டர் தள்ளி இருந்தவன் புதைந்தான். எந்த அளவில் வட்டம் போடுவீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். வரைபடம் இருந்தது. வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், அந்த நாட்டுப் புவியியல் நிறுவனம் அபாய வரைபடத்தை வெளியிட்டுவிட்டது. அர்மெரோ அதில் சேறு வரும் பகுதிக்குள் சரியாகவே இருந்தது. கையால் வரைந்த வரைபடம். 1595-லும் 1845-லும் இதே இடத்துக்குச் சேறு வந்திருக்கிறது, பழைய சேற்றின் மேல்தான் ஊரே கட்டப்பட்டிருந்தது. அதனால் வரைபடம் நன்றாக இருக்கக் கம்ப்யூட்டர் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மலை மாறும்போது ஒரே இரவில் வரைபடத்தையும் மாற்றிப் போட, 'இவ்வளவு சேறு வந்தால் எதுவரை, அதைப்போல் பத்து மடங்கு வந்தால் எதுவரை' என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்க, அதற்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும்.

கேள்வி: டிஜிட்டல் தரவு என்கிறீர்களே அக்கா, எரிமலை விஷயத்தில் அது என்ன? புகைப்படமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

புகைப்படமும் உண்டு, ஆனால் உயிர்நாடி உயரம்தான். கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளை மலை மேல் விரித்ததாக வைத்துக்கொள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் என்று. அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்தின் எண் குறைவாக இருந்தால் தண்ணீர் அங்கே போகும், சேறும் அங்கேதான் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் இந்த எண்களைக் கையால்தான் ஏற்றினோம். டோப்போ ஷீட்டை, அதாவது நில உயரம் காட்டும் அச்சு வரைபடத்தை, மேஜையில் ஒட்டி, ஒரே உயரத்து இடங்களை இணைக்கிற சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து க்ளிக் செய்து, கோடு முடிந்ததும் அதன் உயரத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். கோட்டுக்குக் கோடு உயரத்தில் 20 மீட்டர் வித்தியாசம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கக் கலக்கத்தில், 1,640 என்று போட வேண்டிய கோட்டுக்கு 1,460 என்று போட்டுவிட்டேன். மாலையில் வெயில் அடிக்கிற மாதிரி நிழல் கொடுத்துத் திரையில் பார்த்தால் மலையைச் சுற்றி 180 மீட்டர் ஆழத்தில் அகழி! மேலேயிருந்து வந்த ஓடைகள் எல்லாம் அதற்குள் விழுந்து காணாமல் போயின. எங்கள் மேற்பார்வையாளர், 'கோட்டை கட்டப் போகிறாயா, முதலை விடட்டுமா?' என்று கேட்டார். அது வெறும் நீர்ப்பிடிப்பு வரைபடம், யாரும் சாகவில்லை. இதே தப்பு எரிமலையில் நடந்தால் அந்த அகழிக்குக் கீழே இருக்கிற ஊர்கள் எல்லாம் திரையில் பத்திரமாகத் தெரியும்.

அப்புறம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் போனது. 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டி, 11 நாளில் உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை ரேடாரால் அளந்துவிட்டது. எஸ்ஆர்டிஎம் என்பார்கள். என் போன்றவர்களின் பத்து ஆண்டு வேலையை 11 நாளில் முடித்துவிட்டது என்று அன்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அளந்து தர யாருமில்லாத எத்தனையோ எரிமலைகளுக்கு முதன்முறையாக உருப்படியான உயரக் கணக்கு கிடைத்தது அதனால்தான். முதலில் பொதுவில் கிடைத்தது பக்கத்துக்கு 90 மீட்டர் உள்ள கட்டம், 2014-க்குப் பிறகு 30 மீட்டர்.

அதிலும் வில்லங்கம் உண்டு. ஆறு 20 மீட்டர் அகலம், கட்டம் 90 மீட்டர் என்றால் ஆறு கட்டத்துக்குள் கரைந்துபோகும். கரைக்கும் ஆற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி உயரம். அடர்ந்த காட்டில் ரேடார் தரைவரை போகாது, மர உச்சிக்குப் பக்கத்திலேயே திரும்பிவிடும். காடு இருக்கிற கரை உண்மையைவிட உயரமாகத் தெரியும். எரிமலைச் சரிவுகளில் காடு எப்படி வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை, சாம்பல் மண் அப்படி.

கேள்வி: எரிமலைக் குழம்பு வரும்போது ஓடித் தப்பிக்க முடியுமா?
— வாசகர், ஈரோடு

பெரும்பாலும் முடியும், நடந்தே தப்பிக்கலாம். காங்கோவின் நீராகொங்கோ மாதிரி தண்ணியாக ஓடுகிற குழம்பு விதிவிலக்கு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற சூடான வாயு-சாம்பல் மேகத்திடமிருந்து முடியாது, மோட்டார் சைக்கிளிலும் முடியாது. சினிமாவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சேறு எதுவரை வரும் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சேற்றின் இயற்பியல் எல்லாம் அதற்குத் தெரியுமா?
— ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

தெரியாது. ஐயா பொறியாளர் என்பதால் உள்ளே கொஞ்சம் போகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-ல் ஐவர்சன், ஷில்லிங், வாலன்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒன்பது எரிமலைகளில் முன்பு நடந்த 27 சேற்றோட்டங்களின் அளவுகளைத் திரட்டினார்கள். எவ்வளவு சேறு வந்தது, பள்ளத்தாக்கில் எவ்வளவு குறுக்குப் பரப்பை நிரப்பியது, மொத்தம் எவ்வளவு நிலத்தை மூடியது. பார்த்தால் இரண்டு எளிய விதிகள் கிடைத்தன. சேற்றின் கன அளவை மூன்றில்-இரண்டு அடுக்குக்கு உயர்த்துங்கள், அதாவது கன மூலம் எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். அதை 0.05-ஆல் பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு, 200-ஆல் பெருக்கினால் மூடப்படும் நிலப்பரப்பு.

போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் கன மீட்டர் சேறு. மூன்றில்-இரண்டு அடுக்கு 10,000. ஆக, பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டினால் 500 சதுர மீட்டர் நிரம்பும், நிலம் மூடுவது 2 சதுர கிலோமீட்டர். சேறு பத்து மடங்காகி ஒரு கோடி கன மீட்டர் ஆனால்? நிலம் 20 சதுர கிலோமீட்டர் ஆகாது, சுமார் 9.3-தான். கூடுதல் சேறு பரவுவதோடு ஆழமாகவும் நிரம்புகிறது.

மென்பொருள் இந்த விதிகளை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் தொடங்கி, உயரக் கட்டங்களில் ஆற்றைப் பின்தொடர்ந்து போகும். ஒவ்வோர் இடத்திலும் 500 சதுர மீட்டர் நிரம்பும்வரை இரு கரையிலும் மேலே ஏறும், பிறகு அடுத்த கட்டம். மூடிய நிலத்தின் கூட்டல் 2 சதுர கிலோமீட்டர் ஆனதும் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் வரைபடத்தின் கோடு. குறுகலான மலை இடுக்கில் நீளமாக ஓடும், சமவெளிக்கு வந்ததும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி அகலமாகப் பரந்து அங்கேயே தீர்ந்துவிடும். லஹார்ஸ் என்று இந்த நிரலுக்குப் பெயர். வேகம் சொல்லாது, வழியில் மண்ணை அரித்துப் பெருப்பதைச் சொல்லாது. பிற்காலத்தில் அதையெல்லாம் கணக்கிடுகிற பெரிய மாதிரிகள் வந்தன. ஆனாலும் அவசரத்துக்கு இன்றும் இதை எடுக்கிறார்கள், ஒரு சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர் போதும்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா ஐயா? 'பத்து லட்சமா, ஒரு கோடியா' என்பதை மென்பொருள் சொல்லவில்லை. அதை மனிதர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய படிவுகளைத் தோண்டிப் பார்த்து, உச்சியில் பனி எவ்வளவு, ஏரித் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, மூன்று நான்கு அளவுகளைத் தீர்மானிப்பார்கள். அதனால்தான் நல்ல வரைபடத்தில் ஒரே கோடு இருக்காது, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு வண்ணம் இருக்கும். ஒரே கோடு போட்ட எரிமலை வரைபடத்தைக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா போயிருந்தோம். மெராபி மலைக்கு ஜீப்பில் கூட்டிப் போனார்கள். பாதி புதைந்த வீடு, உருகிய கடிகாரம் எல்லாம் காட்டினார்கள். சரிவு முழுக்க மாடும் காய்கறியும். இவர்களுக்கு வரைபடம் கிடையாதா?
— வாசகி, சிங்கப்பூர்

உண்டு, நல்ல வரைபடம். மூன்று அபாய மண்டலங்களாகப் பிரித்து ஊர் அலுவலகங்களில் ஒட்டியிருப்பார்கள். அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டால் 'மலை மண் கொடுக்கிறது, மணல் கொடுக்கிறது, பால்மாட்டுக்குப் புல் கொடுக்கிறது, எங்கே போவது?' என்பார்கள். ஒரு பயிற்சிக்காக நான் அந்தப் பக்கம் போனபோது எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது, கூடவே ஒரு தேங்காய்ப் பால் காபியும்.

2010-ல் நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபர் 25 அன்று எச்சரிக்கையை உச்சத்துக்கு உயர்த்தி, 10 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மறுநாள் மாலை வெடித்தது. சரிவில் கினாரெஜோ என்ற ஊரில் இருந்த மலைக் காவலர் மபா மரிஜான், சுல்தான் நியமித்த பொறுப்பு அது, இறங்க மறுத்து அங்கேயே இறந்தார். அவரை நம்பித் தங்கியவர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் டிஜிட்டல் கதை. மலை முழுக்க மேகமும் சாம்பலும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல. கனடா, ஜெர்மனி, ஜப்பான் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து, வாயில் புதிதாக வளர்கிற குழம்பு மேட்டை அளந்தார்கள். நொடிக்குச் சுமார் 25 கன மீட்டர் வேகத்தில் அது பெருத்தது. நொடிக்கு இரண்டு மூன்று டிப்பர் லாரி லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கப் பதிவுகளையும் இதையும் சேர்த்துப் பார்த்து, தடை எல்லையை நவம்பர் 3-ல் 15 கிலோமீட்டர் ஆக்கினார்கள். நவம்பர் 5 அதிகாலையில் 20. அந்த இரவில்தான் பெரிய வெடிப்பு. கெந்தோல் ஆற்றுப் பள்ளத்தில் சூடான மேகம் 15 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் 350-க்கு மேல். வெளியேற்றம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் கணக்கு பத்தாயிரங்களில் போயிருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. கெந்தோல் பள்ளம் சாம்பலாலும் பாறையாலும் தூர்ந்துவிட்டது. வெடிப்புக்கு முன் அளந்த உயரக் கட்டங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பழைய பஞ்சாங்கம். பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அடுத்த மழைக்குச் சேறு எந்தப் பக்கம் திரும்பும் என்று பழைய தரவை வைத்துச் சொன்னால் பொய்தான் வரும். மறுபடி அளக்க வேண்டும், மழை பெய்யப் பெய்ய மறுபடி. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினத்துபோவிலும் இதேதான். வெடிப்புக்குச் சில வாரம் முன்பு போட்ட வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே பலித்தது. பிறகு பல ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சேறு புதுப்புது வழி கண்டுபிடித்தது. பக்கோலோர் என்ற ஊரின் தேவாலயம் 1995-ல் பாதி உயரத்துக்குப் புதைந்தது. இப்போது அதற்குள் ஜன்னல் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

கேள்வி: என் மாமியாருக்குக் கூகுள் மேப்பே புரியாது. மலையடிவாரத்து ஜனங்களுக்கு இந்தக் கலர் வரைபடம் என்ன புரியும்?
— வாசகி, கோவில்பட்டி

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். பரிசு கொடுக்கிற வழக்கம் இருந்தால் உங்களுக்குத்தான்.

கரீபியனில் மான்செராட் என்று ஒரு சின்னத் தீவு. 1995-ல் அங்கே சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டது, தலைநகரம் பிளிமத் புதைந்தே போனது. 1997 ஜூன் 25-ல் 19 பேர் இறந்தார்கள். அந்தத் தீவு மக்களிடமே பிறகு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சம உயரக் கோடு போட்ட வரைபடத்தில் அவர்கள் தங்கள் வீட்டைத் தேடித் திணறினார்கள். அதே இடத்தை விமானத்திலிருந்து சாய்வாக எடுத்த புகைப்படத்தைக் காட்டினால், இது எங்கள் மலை, இது எங்கள் ரோடு என்று விரல் வைத்துவிட்டார்கள்.

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்கள் அம்மாவிடம் எங்கள் ஊர் வரைபடத்தை நீட்டியபோது, 'பிள்ளையார் கோயில் எங்கே? அது இல்லாமல் என்ன ஊர்?' என்று கேட்டார்கள். வரைபடத்தில் பிள்ளையார் இருந்தார், ஒரு சின்ன முக்கோணமாக. அம்மாவுக்கு முக்கோணம் பிள்ளையார் ஆகாது.

உயரத் தரவு கையில் இருந்தால் இதைச் சரிசெய்வது கடினமே அல்ல. அதே கட்டங்களின் மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்தி, ஊர்க்காரர் வீட்டு வாசலிலிருந்து மலையைப் பார்க்கிற கோணத்துக்குத் திருப்பி, அதன் மேல் அபாய நிறத்தைப் பூசலாம். ஒரு மணி நேர வேலை. இருந்தும் மேலேயிருந்து பார்க்கிற படத்தையே அச்சடித்து ஒட்டுவார்கள், அதிகாரி அதைத்தான் கேட்பார் என்று. நிறத்தைப் பற்றியும் ஒரு குறை இருக்கிறது எனக்கு. சிவப்பு முடிகிற இடத்தில் கூர்மையான கோடு போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் 'நமக்கில்லை' என்று தூங்கிவிடுவார். 90 மீட்டர் கட்டத்தில் போட்ட கோட்டின் தடிமனே ஒரு தெரு.

கேள்வி: நம் நாட்டில் எரிமலையே இல்லையே, நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?
— வாசகர், விழுப்புரம்

இருக்கிறது. அந்தமானில் பாரன் தீவு, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். 1991-லிருந்து விட்டு விட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது. அங்கே குடியிருப்பு இல்லை, அதனால் சேறு பற்றிக் கவலை இல்லை.

மேலே போகிறவர்களுக்குத்தான் கவலை. 1982 ஜூன் 24 அன்று ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஜாவாவுக்குப் பக்கத்தில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன. உள்ளே 260 பேர்போல இருந்தார்கள். 37,000 அடியிலிருந்து கிளைடர் மாதிரி இறங்கி, கீழே வந்ததும் இன்ஜின்கள் மறுபடி பிடித்துக்கொள்ள, ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள். அந்த விமானம் லண்டனிலிருந்து பம்பாய், நம் மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக வந்தது. இரவில் ஓட்டுநர்களுக்குச் சாம்பல் தெரியவில்லை, ரேடாரிலும் வரவில்லை. இன்று உலகம் முழுக்க ஒன்பது மையங்கள் சாம்பல் எங்கே மிதக்கிறது என்று செயற்கைக்கோள் தரவை வைத்து வரைபடம் போட்டு விமானங்களுக்குச் சொல்கின்றன. நீங்கள் விழுப்புரத்திலிருந்து கிளம்பி பாலிக்குப் போனால் அந்த வரைபடம் உங்களுக்கும்தான்.

கேள்வி: ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தொழில்நுட்பம்) படிக்கிறேன் மேடம். எரிமலை வரைபடம் ஒன்று நானே போட்டுப் பார்க்க முடியுமா? லேப்டாப் சுமார்தான்.
— மாணவர், சேலம்

சுமார் லேப்டாப் போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர் தரவும் இலவசம். நெவாதோ தெல் ரூயிஸ் இருக்கிற துண்டுகளையும் அதற்குக் கிழக்கே உள்ளதையும் இறக்கிக்கொள். முதலில் நிழல் கொடுத்து மலையைப் பார், எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எங்காவது அகழி தெரிந்தால் என்னை நினைத்துக்கொள். பிறகு நீரோட்டத் திசையைக் கணக்கிட்டு, லகுனியா ஆற்றை உச்சியிலிருந்து பின்தொடர்ந்து வா. குறுகலான இடுக்கில் ஒடுங்கி ஒடுங்கி வந்து, ஓரிடத்தில் மலை சட்டென்று கையை விட்டுவிடும். அங்கே விசிறி மாதிரி ஒரு தட்டை நிலம். அதுதான் அர்மெரோ.

திருச்சி ஐயாவுக்குச் சொன்ன விதிகளை வைத்து, ஒரு கோடி கன மீட்டருக்கும் பத்துக் கோடிக்கும் கோடு எங்கே நிற்கிறது என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார். 1985 இரவோடு ஒப்பிடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. அந்த விண்கலம் அளந்தது 2000-ல். நீ பார்க்கிற அந்த விசிறி, சேறு வந்து மூடி 15 ஆண்டு ஆன தரை.